ஜெலட்டின் கட்டிக்குள் ஓர் எரிமலைத் தீவு: வீட்டிலேயே செய்து பார்க்கும் முறை

பள்ளிக் கண்காட்சிகளில் எரிமலை என்றால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். களிமண்ணில் ஒரு கூம்பு, உள்ளே ஆப்பசோடா, மேலே வினிகர், கொஞ்சம் சிவப்புச் சாயம். நுரை பொங்கும், கைதட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மலைக்கு நடுவில் ஒரு குழாய் இருப்பதாகவும், மாக்மா, அதாவது பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறை, அதன் வழியாக நேரே மேலே வருவதாகவும் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. அப்புறம் அதை அழிப்பது பெரும்பாடு.

மாக்மா பெரும்பாலும் பாறையைப் பிளந்துகொண்டு மெல்லிய தகடாகத்தான் வருகிறது. ஒரு மீட்டர் அளவு தடிமன், ஆனால் நீளமும் உயரமும் கிலோமீட்டர் கணக்கில். அந்தத் தகடு எந்தத் திசையில் நிற்கும் என்பதைச் சுற்றியுள்ள பாறையின் நெருக்கம்தான் முடிவு செய்கிறது. பாடப்புத்தகத்தில் தகைவு என்று படித்திருப்பீர்கள், அதுதான். கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு தீவு ஏன் நீளமாக இருக்கிறது, இன்னொன்று ஏன் மூன்று கையோடு இருக்கிறது என்பதற்கெல்லாம் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதைக் கண்ணால் பார்க்க முடியும். அதற்கு வேண்டியது ஜெலட்டின்.

நான் ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் எமல்ஷன் பிரிவில் வேலை பார்த்தவன். ஃபிலிமில் ஒளி படும் வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின்தான். அதனால் அதன் குணம் எனக்குப் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தச் சோதனையைச் செய்கிறேன். அந்த முறையை அப்படியே எழுதுகிறேன். பெரியவர் ஒருவர் கூட இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம்.

வேண்டியவை

உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளளவு 22 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் இருந்தால் நல்லது. சுவர்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். கீழே குறுகும் டப்பா வேண்டாம்.

3 மி.மீ. அக்ரிலிக் தகடுகள் எட்டு. பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டுத் துண்டுகள் கிடக்கும். நீண்ட சுவருக்குப் பொருந்துகிற மாதிரி நான்கு, குட்டைச் சுவருக்கு நான்கு என்று அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள்.

மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச், பெரிய துளையுள்ள ஊசி, டிரிப்ஸ் ஏற்றும் குழாய். ஊசியின் கூர்முனையை அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பிள்ளைகள் கைபடும் பொருள்.

ஜெலட்டின் தூள் 75 கிராம், தண்ணீர் 3 லிட்டர். நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. கேக் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். கட்டியாக வரட்டும் என்று தூளைக் கூட்டிப் போடாதீர்கள். தன் எடையாலேயே கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு இளக்கமாக இருந்தால்தான் கிலோமீட்டர் கணக்கான பாறை நடந்துகொள்வதைப் போல இந்தச் சின்னக் கட்டியும் நடந்துகொள்ளும்.

ஜெலட்டின் மாட்டெலும்பு, தோல் இவற்றிலிருந்து எடுப்பது. அதை வீட்டுக்குள் விடாதவர்கள் கடல்பாசியில் செய்யலாம். 3 லிட்டருக்கு 15 கிராம் போதும். அது கொதித்தால்தான் கரையும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுவதால் கூடுதல் நேரம் அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். கடல்பாசிக் கட்டி பொருபொருவென்று உடையும். முதல் இரண்டு சோதனைகளுக்குப் போதுமானது, பின்னால் சொல்லப்போகும் வண்ணம் அதில் சரியாக வராது.

சாயத்துக்கு இரண்டு திரவம். ஒன்று, பீட்ரூட் சாறு கலந்த தண்ணீர். இன்னொன்று, மிளகாய்த்தூள் போட்டுக் காய்ச்சி வடிகட்டிய சூரியகாந்தி எண்ணெய். எண்ணெய் ஜெலட்டினைவிட இலேசு என்பதால் தானாகவே மேலே ஏறப் பார்க்கும். மாக்மாவுக்கும் சுற்றியுள்ள பாறைக்கும் ஆழத்தில் இதே உறவுதான். தேங்காய் எண்ணெய் எடுக்காதீர்கள். நம் குளிருக்குக் குழாயிலேயே உறைந்து நிற்கும்.

கட்டி போடுவது

டப்பாவின் அடி நடுவில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளையிட்டு, ஊசியைக் கீழிருந்து செருகுங்கள். முனை ஒரு செ.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கட்டும். சுற்றி எம்-சீல் வைத்து அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். குழாயை மாட்டி, உள்ளே தண்ணீர் நிரப்பி, கிளிப் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் ஜெலட்டின் ஊசிக்குள் இறங்கி உறைந்துவிடும். டப்பாவை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

டப்பா அடியிலும் தகடுகளிலும் எண்ணெய் தடவுங்கள். நீண்ட சுவர்களில் ஒவ்வொரு தகடு, குட்டைச் சுவர்களில் இரண்டிரண்டு தகடு. மீதி இரண்டு தகடுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெலட்டினை முதலில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். எடுத்ததும் வெந்நீரில் கொட்டினால் வெளியே மட்டும் கரைந்து உள்ளே முடிச்சு முடிச்சாக நிற்கும். ஊறிய பிறகு 50, 60 டிகிரிச் சூட்டில் மெதுவாகக் கிளறினால் கண்ணாடியாகக் கரையும். கொதிக்கவே கூடாது, வலு போய்விடும். நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, ஆறவிட்டு, டப்பாவில் ஊற்றுங்கள். மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டால் ஏடு படியாது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியில் ஃபிரிட்ஜ் தேவையில்லை. சமையலறை மேடையிலேயே ராத்திரியில் உறைந்துவிடும். ஆனால் ஜனவரியில் மொட்டை மாடியில் வைக்காதீர்கள். தலைக்குந்தாப் பக்கம் புல் வெளுத்துப்போகிற மாதிரி உறைபனி விழும் இரவில் கட்டிக்குள் ஐஸ் ஊசிகள் வளர்ந்து குத்திக் கிழித்துவிடும். அந்தக் கட்டி எதற்கும் உதவாது. கீழே மேட்டுப்பாளையத்தில் செய்கிறவர்கள் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த அரை மணிக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும்.

முதல் சோதனை: நெருக்காமல்

தகடுகளைத் தொடாமல், பீட்ரூட் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மிக மெதுவாக ஏற்றுங்கள். 10 மில்லிக்கு அரை நிமிடத்துக்கும் மேல் ஆகட்டும். ஊசி முனையில் சின்னதாக ஒரு வட்டம் தோன்றும். பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டம், விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் ஒரு கோடு. அவ்வளவு தட்டை. என் பேத்தி முதலில் கேட்டதும் இதைத்தான். "தாத்தா, ஏன் உருண்டையா வரல?"

உருண்டையாக வர வேண்டுமானால் நாலாபக்கமும் கட்டியைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். தட்டையாகப் பிளந்தால் இரண்டு பக்கம் மட்டும் கொஞ்சம் விலக்கினால் போதும், விளிம்பு தானே கிழிந்துகொண்டு போகும். சிரமம் குறைவான வழி அது. இந்தச் சோதனையில் சாயத் தகடு எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் திரும்பும். ஊசி முனையில் இருந்த சின்னக் கீறல்தான் திசையைத் தீர்மானிக்கும். கட்டியை 40 டிகிரியில் உருக்கி மறுபடி உறையவைத்துத் திரும்பச் செய்தால் வேறு திசை வரும்.

இரண்டாம் சோதனை: ஒரு பக்கம் நெருக்கி

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. புதுக்கட்டி போட்டு உறைந்ததும், குட்டைச் சுவர்களில் இருக்கும் இரண்டிரண்டு தகடுகளையும் மெல்ல உருவிவிடுங்கள். சூடான கத்தியை ஓரத்தில் விட்டால் வந்துவிடும். அந்தப் பக்கங்களில் இடைவெளி விழும். இப்போது எடுத்து வைத்த இரண்டு தகடுகளை நீண்ட சுவர்களுக்கும் அங்கே ஏற்கெனவே இருக்கும் தகடுகளுக்கும் நடுவில் செருகி அழுத்துங்கள். கட்டி அகலவாட்டில் நெருங்கி, நீளவாட்டில் இரண்டு பக்கமும் பிதுங்கும்.

மறுபடி சாயத்தை ஏற்றுங்கள். இந்தத் தடவை சாயத் தகடு செங்குத்தாக நின்று, ஒரு நீண்ட சுவரிலிருந்து எதிர் நீண்ட சுவரை நோக்கி ஓடும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். நெருக்குகிற திசையில் போகாது, காலியாக இருக்கும் பக்கம்தான் ஓடும் என்பார்கள். நடப்பது நேர்மாறு. ஏனென்றால் பிளவு ஓடுகிற திசை வேறு, அது வாய் திறக்கிற திசை வேறு. வாய் திறப்பதற்குத்தான் இடம் வேண்டும். எந்தப் பக்கம் நெருக்கம் குறைவோ அந்தப் பக்கம் வாய் திறக்கும். பிளவின் தளம் அதற்குச் செங்குத்தாக நிற்கும். ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஆண்டர்சன் சென்ற நூற்றாண்டின் முதல் பாதியிலேயே இதைக் கணக்கோடு எழுதிவிட்டார்.

இதைப் புரிந்துகொண்டு அசோர்ஸ் தீவுகளின் வரைபடத்தை எடுங்கள். அட்லாண்டிக் நடுவில், மூன்று புவித்தட்டுகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சாவோ ஜார்ஜ் என்று ஒரு தீவு. நீளம் 54 கி.மீ. அளவு, அகலம் 7 கி.மீ. தான். வரிசையாக நட்டுவைத்த கூம்புகள் மாதிரி அதன் முதுகு முழுக்க எரிமலை வாய்கள். தட்டுகள் விலகும் இடத்தில் பாறை ஒரு பக்கம் தளர்ந்து கிடக்கிறது, மாக்மா திரும்பத் திரும்ப ஒரே வாக்கில் தகடு தகடாக ஏறுகிறது, தீவும் அந்த வாக்கிலேயே வளர்கிறது. தீவின் உருவமே நெருக்கத்தின் பதிவு.

எண்ணெயை ஏற்றும்போது கட்டியின் மேற்பரப்பில் கண் வையுங்கள். தகடு மேலே வந்து சேர்வதற்கு முன்பே இரண்டு பக்கமும் இலேசாக உப்பி, நடுவில் பள்ளம் விழும். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் தெளிவாகத் தெரியும். ஐஸ்லாந்தில் கிரிண்டவிக் என்ற மீன்பிடி ஊருக்கு அடியில் 2023 நவம்பர் 10 அன்று சுமார் 15 கி.மீ. நீளத்துக்கு மாக்மாத் தகடு ஒன்று புகுந்தது. ஊருக்குள் நிலம் இதே மாதிரிப் பட்டையாக ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியது. அன்றிரவே ஊரைக் காலி செய்தார்கள். லாவா வெளியே வந்தது டிசம்பர் 18-ல். நிலநடுக்கப் பதிவுகளோடு, நிலம் உப்புவதையும் இறங்குவதையும் கருவிகள் அளந்து சொன்னதும் சேர்ந்துதான் அந்த மக்களை முன்னாடியே வெளியேற்ற உதவியது.

பாதியில் சிரிஞ்சை நிறுத்தியும் பாருங்கள். பீட்ரூட் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். 2022 மார்ச்சில் சாவோ ஜார்ஜ் ஆயிரக்கணக்கான சிறு நடுக்கங்களால் அதிர்ந்தது. மாக்மா ஏறிவந்து மேலே எட்டாமலே நின்றுபோனது. பூமிக்குள் புகுகிற தகடுகளில் பல இப்படி உள்ளேயே உறைபவைதான். நம் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் கிரானைட்டையும் நைஸ் என்ற உருமாறிய பாறையையும் வெட்டிக்கொண்டு போகும் கறுப்பு டோலரைட் சுவர்கள், அப்படி உறைந்துபோன பழைய தகடுகள். மேலே மூடியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போனதால் இன்று வெளியே தெரிகின்றன. கறுப்பு கிரானைட் என்று மெருகேற்றி விற்பது பெரும்பாலும் அதைத்தான்.

மூன்றாம் சோதனை: எடை வைத்து

நெருக்காத கட்டியின் மேல், நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி, 200 கிராம் எடைக்கல்லை வையுங்கள். கீழிருந்து எண்ணெய் ஏற்றுங்கள். ஏறும் தகடு கல்லின் பக்கம் சாயும். எரிமலை வளர வளர அதன் பாரமே அடியிலுள்ள நெருக்கத்தை மாற்றி, அக்கம்பக்கத்து மாக்மாவைத் தன் பக்கம் இழுக்கிறது என்று இதில் காட்டலாம். சில நேரம் தகடு கல்லுக்கு அடியில் வந்து தயங்கி, ஓரமாகப் போய் வெடிக்கும். பெரிய எரிமலைகள் உச்சியை விட்டுவிட்டு இடுப்பில் வெடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காம் சோதனை: மலைமுதுகு

பிரெட் டின்னில் கொஞ்சம் கெட்டியான ஜெலட்டின், லிட்டருக்கு 45 கிராம் போட்டு உறையவைத்து, எண்ணெய் தடவிய பலகையில் கவிழ்த்தால் நீளமான கரை மாதிரி நிற்கும். ஒரு முனையின் நடுவிலிருந்து ஊசியைப் படுக்கவாட்டில் செருகிச் சாயம் ஏற்றுங்கள். பக்கச் சரிவுகளைத் தாங்க ஒன்றும் இல்லாததால் அவை வெளியே விலகப் பார்க்கும். அதனால் சாயம் நெடுக, முதுகெலும்பு வாக்கில் ஓடும். ஃபிஸ்கே, ஜாக்சன் என்ற இருவர் 1972-ல் ஹவாய் எரிமலைகளின் நீண்ட பிளவுப் பட்டைகள் எப்படி உருவாகின என்பதை ஜெலட்டினில்தான் காட்டினார்கள். மேடு இருப்பதால் மாக்மா அந்த வாக்கில் ஓடுகிறது, ஓடுவதால் மேடு இன்னும் நீள்கிறது. ஹவாய்க்கு அடியிலிருக்கும் பசிபிக் தட்டின் ஓரங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே திசையை முடிவு செய்வதில் மலையின் சொந்தப் பாரத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

இப்போது இன்னொரு கரை செய்து, ஒரு பக்கத்தில் மட்டும் செங்கல்லை அணைத்து வையுங்கள். இதுதான் கிலவேயா. 4,169 மீட்டர் உயர மௌனா லோவாவின் விலாவில் சாய்ந்துகொண்டு வளர்ந்த எரிமலை அது. வடக்கே மௌனா லோவா முட்டுக்கொடுக்கிறது, தெற்கே கடல். மாக்மா உள்ளே புகும்போதெல்லாம் தெற்குச் சரிவுதான் விலகிக் கொடுக்க வேண்டும். சாயம் ஏற்றும்போது செங்கல் இல்லாத பக்கம் ஸ்கேல் ஒன்றை நிறுத்தி வைத்தால் அது நகர்வதைப் பிள்ளைகளே அளப்பார்கள். 2018 மே மாதம் கிலவேயாவின் உச்சியிலிருந்து கிழக்குப் பட்டை வழியாக மாக்மா நிலத்துக்கு அடியிலேயே 40 கி.மீ. அளவு ஓடிப்போய், குடியிருப்புக்கு நடுவில் வெளிவந்தது. மே 4-ம் தேதி தெற்குச் சரிவு 6.9 அளவு நிலநடுக்கத்தோடு கடல் பக்கம் நழுவியது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அடியில் மாக்மா வடிந்த உச்சிப் பள்ளம் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இடிந்து விழுந்தது.

கானரித் தீவுகளில் எல் இயெரோ மூன்று கை நட்சத்திரமாக இருக்கிறது. கைகளுக்கு நடுவில் சுமார் 120 டிகிரி. அடியிலிருந்து தள்ளும்போது மேலே இருப்பது மூன்றாகப் பிளப்பதுதான் சிரமம் குறைந்த வழி என்று ஒரு விளக்கம் உண்டு. ஜெலட்டினில் அதை ஒழுங்காக வரவைப்பது கடினம். பிள்ளைகளுக்குப் படம் காட்டினால் போதும்.

நெருக்கத்தையே பார்ப்பது

நேரம் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை முழுசாக வைத்து, டப்பாவை அதன் முன்னால் நிறுத்துங்கள். எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. போலராய்டு கூலிங்கிளாஸ் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, திரை இருட்டாகும் வரை திருப்புங்கள். வெறும் திரை இருண்டிருக்கும்போது, நெருக்கப்பட்ட ஜெலட்டினுக்குள் வெளிச்சமும் வண்ணமும் எழும். சாயம் ஏறும்போது பிளவின் நுனியைச் சுற்றி இரண்டு வெளிச்ச இறக்கைகள் கூடவே நகரும். நெருக்கம் எங்கே கூடுகிறதோ அங்கே வண்ணப் பட்டைகள் நெருங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இப்படிப் பார்க்க முடிவது, எத்தனை வருஷமானாலும் எனக்கு அலுக்காத சந்தோஷம்.

கடைசியில் வரைபடம்

ஊட்டி ஏரி எரிமலை வாயா என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அது 1820-களில் ஜான் சல்லிவன் அணைகட்டித் தேக்கியது என்று சொல்லிவிடுங்கள். நீலகிரி எரிமலையே கிடையாது. இது ஆழத்தில் வெந்து உருமாறிய சார்னோக்கைட் என்ற பாறை, வயது சுமார் 250 கோடி ஆண்டு.

அப்புறம் ரீயூனியன் தீவின் செயற்கைக்கோள் படத்தை எடுங்கள். நம் தமிழ் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய், இன்றும் காவடி எடுக்கும் தீவு அது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் லாவாப் படிவுகளைக் கொட்டிய அதே வெப்பமையம்தான், அதாவது ஆழத்திலிருந்து சூடு ஏறிவரும் இடம்தான், புவித்தட்டு அதன் மேலே நகர்ந்துகொண்டே போக, லட்சத்தீவு, மாலத்தீவு, மொரிஷியஸ் இவற்றின் அடித்தளத்தை வரிசையாகப் போட்டு, இப்போது ரீயூனியனுக்குக் கீழே இருக்கிறது. அங்கே பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை 2,632 மீட்டர், நம் தொட்டபெட்டா 2,637. உயரத்தில் இரட்டைப் பிள்ளைகள், பிறப்பில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, அந்த எரிமலையின் சரிவுகளில் தெரியும் சின்னக் கூம்புகளையெல்லாம் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு வரிசையாக நிற்பவற்றைக் கோட்டால் இணையுங்கள். ஜப்பானிய ஆய்வாளர் நகாமுரா 1977-ல் சொன்ன வழி இது. பக்கவாட்டுக் கூம்புகள் வரிசைப்படும் திசையிலிருந்து அடியிலுள்ள தகடுகளின் வாக்கையும், அதிலிருந்து நெருக்கத்தின் திசையையும் படிக்கலாம். ரீயூனியனில் கோடுகள் உச்சியிலிருந்து வடகிழக்கும் தென்கிழக்குமாக வளைந்து பிரியும். நடுவில் கடலைப் பார்த்துத் திறந்து கிடப்பது கிழக்குச் சரிவு. 2007 ஏப்ரலில் உச்சிப் பள்ளம் சுமார் 300 மீட்டர் இடிந்து இறங்கிய அந்த வெடிப்பின்போது, இந்தச் சரிவு கடல் பக்கமாக ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்தது. செங்கல் இல்லாத பக்கம் எது என்று பிள்ளைகளையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மிச்சமான ஜெலட்டினைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். இந்தக் குளிருக்குக் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெயை வழித்துவிட்டு, கட்டியைத் துண்டாக்கி எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள்.